தட்டைப்பயறு ஒப்பந்தம்

எறும்புகளுடன் முதல் சுற்றுப் பேச்சுவார்த்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கோவை கவுண்டம்பாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடந்தது. மனிதர்கள் தரப்பில் பூங்கோதை, வயது அறுபத்திரண்டு. எறும்புகள் தரப்பில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்பது தெரியவில்லை. சாட்சியாக, பூங்கோதையின் கணவர் தண்டபாணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்துத் தலைக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பூங்கோதை தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சாலை முதலாளியையும் தொழிற்சங்கத் தலைவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசியே கையெழுத்து வாங்கிவிடுவார் என்று துறையில் அவருக்குப் பெயர். ஒரு வேலைநிறுத்தத்தின்போது அவர் ஆறு மணி நேரம் இடைவிடாமல் பேசினார். அதன் முடிவில் இரண்டு தரப்பும் முதல்முறையாக ஒன்று சேர்ந்து, "போதுங்கம்மா, நாங்களே தீத்துக்கறோம்" என்று எழுந்துவிட்டார்கள். அதையும் அவர் தன் வெற்றிகளில் ஒன்றாகவே சேர்த்திருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு பேச ஆளில்லை. மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தால் மூன்றாவது நிமிடத்தில் அவளுக்கு மீட்டிங் வந்துவிடும். தண்டபாணி ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். சிவப்பு, பச்சை இரண்டையும் வைத்தே வாழ்க்கையை ஓட்டியவர். வீட்டிலும் அதற்கு மேல் பேசுவதில்லை.

அதனால்தான் தோட்டம். மண்புழு உரம், செம்மண், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் கலந்து ஆறு பைகளில் நிரப்பினார். கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி நட்டார். ஒரு மூலையில் பாகல் கொடிக்குப் பந்தல் போட்டார். மண் காயாமலிருக்கக் காய்ந்த இலைகளால் மூடாக்கு. பூச்சிமருந்துக்கடை விஷம் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது என்பது கொள்கை.

கொள்கையை மாவுப்பூச்சிகள் மதிக்கவில்லை. கத்தரிச் செடி பூராவும் வெள்ளை வெள்ளையாக, பஞ்சு ஒட்டியதுபோல அப்பிக்கொண்டன. பூங்கோதை வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்துத் தெளித்தார். மறுவாரம் மீண்டும் வந்தன. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை அரைத்துக் கரைத்துத் தெளித்தார். அன்று காற்று கீழ்ப்பக்கமாக அடித்ததால் மூன்று தளத்திலும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். பூச்சிகள் மட்டும் தும்மியதாகத் தெரியவில்லை.

உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மாவுப்பூச்சிகள் தனியாக இல்லை. அவை சாற்றை உறிஞ்சி, பின்பக்கமாகத் தேன்போல ஒரு திரவத்தை விட்டன. அதைக் குடிக்க எறும்புகள் வரிசை கட்டி வந்தன. குடித்ததற்கு நன்றியாகக் காவலும் காத்தன. பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டை நான்கு எறும்புகள் சேர்ந்து கடித்துத் துரத்தியதைப் பூங்கோதை தன் கண்ணாலேயே பார்த்தார்.

"ஏனுங்க, இது பூச்சிப் பிரச்சினை இல்லீங்க," என்று கணவரிடம் சொன்னார். "இது தொழில் தகராறு."

அந்தச் சமயத்தில்தான் 'சிற்றொலி' என்ற சிறிய நிறுவனம் ஒரு பெட்டியைச் சோதனைக்காக வீட்டுத் தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பதாகத் தெரியவந்தது. பூங்கோதை பெயர் கொடுத்தார். பத்து நாளில் பெட்டி வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். முன்னால் கொசுவலை போல ஒரு மூக்கு, பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கி.

"எறும்புக்கு ஏதுங்க பேச்சு?" என்றார் பூங்கோதை.

தண்டபாணி கூடவே வந்த தாளைப் படித்துச் சொன்னார். "வாசனைதான் அதுகளுக்குப் பேச்சாமா. ஒரு வாசன வுட்டா 'இங்க வா'ன்னு அர்த்தம். இன்னொன்ன வுட்டா 'ஓடு'ன்னு அர்த்தம். இந்தப் பொட்டி அத மோந்து பாத்துத் தமிழ்ல சொல்லுமாமா."

"நாம சொல்றது?"

"அதையும் வாசனையா மாத்தி அனுப்புமாமா."

அந்த மாதத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஆக, செவ்வாய்க்கிழமை பத்தரை மணி. பூங்கோதை இஸ்திரி போட்ட காட்டன் சேலையில், கையில் பேடும் பேனாவுமாகக் கத்தரிச் செடியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். பெட்டியை எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வணக்கமுங்க. உங்க தரப்புக் கோரிக்கைய மொதல்ல சொல்லுங்க."

பெட்டி கரகரத்தது. பேருந்து நிலைய அறிவிப்பு போன்ற ஒரு குரல் வந்தது. "இனிப்பு. இங்கே. நிறைய."

"அதாவது இனிப்புத்தான் உங்க கோரிக்கை. எழுதிக்கறேன். எங்க தரப்பு என்னன்னா, கத்தரிச் செடி சாகுது. செடி செத்தா உங்களுக்கும் இனிப்பு இல்ல, எங்களுக்கும் கொழம்பு இல்ல. அதனால நீங்க இந்தச் செடிய வுட்டுப் போகோணும்."

"போகமாட்டோம். காவல் தொடரும்."

பூங்கோதையின் முகம் மலர்ந்தது. ஓய்வு பெற்ற நான்கு வருடத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசிய முதல் ஆட்கள். அன்று ஒரு மணி வரை பேசினார். நடுவில் பெட்டி, "பசி" என்றது ஒருமுறை. "வெயில்" என்றது மூன்று முறை. தண்டபாணி அதையெல்லாம் ஆமோதித்தார்.

நான்காம் சுற்றில் ஒரு யோசனை வந்தது. எறும்புகள் இனிப்புக்காகத்தானே கத்தரியில் இருக்கின்றன? அதே இனிப்பை வேறு இடத்தில் கொடுத்தால்? எறும்புப் புற்று இருந்த தென்மேற்கு மூலையில், சுவரை ஒட்டி இரண்டு பைகளில் தட்டைப்பயறு விதைத்தார். தட்டைப்பயறு முளைத்தால் அசுவினிப் பூச்சி தேடிவரும் என்பதும், அசுவினியும் மாவுப்பூச்சி போலவே தேன் விடும் என்பதும் அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டது. பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தார்.

"ஒப்பந்தம் இதுதானுங்க," என்று படித்துக் காட்டினார். "ஒண்ணு, தட்டைப்பயறு ரெண்டு பையும் முழுசா உங்களுக்கு. எங்காளுக ஒரு காயக்கூடப் பறிக்க மாட்டாங்க. ரெண்டு, தெனமும் தண்ணி. மூணு, இந்த மாடியில எவனும் வெஷம் அடிக்க மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. பதிலுக்கு நீங்க கத்தரிய வுட்டுக் காவல எடுத்தரோணும்."

பெட்டி அன்று ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, தட்டைப்பயறு முழங்கால் உயரம் வளர்ந்து, குருத்தெல்லாம் அசுவினி கறுப்பாக மொய்த்த ஒரு காலையில், "புது இடம் நல்ல இடம். எல்லோரும் வாருங்கள்" என்றது. எறும்பு வரிசை கத்தரியிலிருந்து இறங்கி மூலைக்குப் போனது. காவல் இல்லாத கத்தரிக்குப் பொறிவண்டுகள் வந்து இறங்கின. பத்து நாளில் செடி பச்சையானது.

பூங்கோதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்துக்குக் கணவரிடம் நீட்டினார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் ஒட்டினார். மகளுக்குப் போன் செய்து, "கண்ணு, பேச்சுவார்த்தை முடிஞ்சுது, கையெழுத்தாயிருச்சு" என்றார். மகள், "எந்த மில்லும்மா?" என்று கேட்டாள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது மீன் அமிலம் வெடித்தது.

மீன் கழிவையும் நாட்டுச் சர்க்கரையையும் ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்தால் சில வாரங்களில் செடிக்கு அருமையான ஊட்டம் கிடைக்கும். நடுநடுவே மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். அந்த வேலையைப் பூங்கோதை தண்டபாணியிடம் ஒப்படைத்திருந்தார். தண்டபாணி அது டப்பாவை மூடும் வேலை என்று புரிந்துகொண்டு, தினமும் போய் மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குடியிருப்புச் சங்கச் செயலாளர் செல்வநாயகம் வீட்டுக்கு, அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மூன்றாம் தளத்தில், மாடிக்கு நேர் கீழே இருந்தது அவர் வீடு. மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் பால்கனிக்கு வந்து, "காத்து நல்லா வருதுங்களே" என்று சொன்ன அந்தக் கணத்தில் மேலே டப்பா வெடித்தது. காற்றோடு அதுவும் வந்தது.

சம்பந்தம் முறியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மீன் வியாபாரம் செய்தவர், வேட்டியை மோந்து பார்த்து, "மத்தி" என்று மட்டும் சொன்னார். ஆனால் செல்வநாயகத்துக்கு மானம் போய்விட்டது. அன்று மாலையே சங்கத்தைக் கூட்டினார்.

"மொட்டை மாடி பொது இடமுங்க," என்றார். "மொதல்ல தும்மல். இப்ப மீனு. இதுல எறும்பு வேற குழாய் வழியா எங்க வீட்டுக்குள்ள எறங்குது. ஞாயித்துக்கெழம ஆளு வந்து மாடி பூரா மருந்தடிப்பாங்க. அதுக்கப்புறம் பைய எடுத்துர்றதா இல்லையான்னு முடிவு பண்ணலாம்."

பூங்கோதை எழுந்து பேசினார். மண்புழுவில் தொடங்கினார். தேனீயைத் தொட்டு, பொறிவண்டை விளக்கி, பேச்சுவார்த்தையின் இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். தண்டபாணி மட்டும் உட்கார்ந்திருந்தார். தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறி, கூட்டம் கலைந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. "வாக்குக் குடுத்துட்டேனுங்க," என்றார். "மூணாவது ஷரத்து. முப்பது வருச சர்வீசுல நான் கையெழுத்துப் போட்ட எந்த ஒப்பந்தமும் மீறுனதில்ல. எந்த மொகத்த வெச்சுட்டு அதுக முன்னால போயி உக்காருவேன்?"

தண்டபாணி கொஞ்ச நேரம் யோசித்தார். "உக்காந்தரலாம்," என்றார்.

"எங்க?"

"மாடிப் படியில. ரெண்டு பேரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் மாடிக் கதவின் முன்னால் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். பெட்டியும் கூட இருந்தது. செல்வநாயகம் மருந்தடிக்கிற ஆளோடு படியேறி வந்தார். பின்னாலேயே, வேடிக்கை பார்க்க அவருடைய மனைவி சிவகாமி.

"என்னுங்கம்மா இது, மறியல் பண்ண மில்லு கேட்டுங்களா?" என்றார் செல்வநாயகம். "எந்திரிங்க."

"எறும்புகளுக்கு நோட்டீஸ் குடுக்காம நடவடிக்கை எடுக்க முடியாதுங்க. அதுக தரப்பையும் கேளுங்க." பூங்கோதை பெட்டியைச் சுவரோரம் ஏறிக்கொண்டிருந்த வரிசைக்கு அருகில் நகர்த்தினார்.

"எறும்பு என்னத்தப் பேசும்?" என்று செல்வநாயகம் சிரித்தார்.

பெட்டி கரகரத்தது. "செய்தி. எல்லோருக்கும். கீழே போங்கள். குழாய் வழி. சமையலறை. அரிசி மூட்டைக்குப் பின்னால்."

செல்வநாயகத்தின் சிரிப்பு நின்றது.

"வெள்ளை டப்பா. மூடி சரியில்லை. மஞ்சள் கட்டி. நெய். மிக நிறைய."

சிவகாமி மெதுவாகத் தன் கணவரைப் பார்த்தார். செல்வநாயகத்துக்கு டாக்டர் இனிப்பை அறவே நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை மட்டும் குறையவே இல்லை. டாக்டர் மாத்திரையை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டார்.

"மைசூர்பாகா?" என்றார் சிவகாமி.

"மிஷினு எதோ ஒளறுது சிவகாமி..."

"அரிசி மூட்டைய என்னால நகத்த முடியாதுன்னு தெரிஞ்சே வெச்சிருக்கீங்க."

"பாதிதான் தின்னேன்."

"இன்று புதிதாக நான்கு கட்டிகள்," என்றது பெட்டி.

சிவகாமி மருந்தடிக்கிற ஆளிடம் திரும்பினார். "தம்பி, நீங்க போலாம். இந்த எறும்புக மேல ஒரு சொட்டு மருந்து படக்கூடாது. எனக்கு இதுக வேணும்." பிறகு பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வாரம் ஒருக்கா நான் மேல வந்து கேட்டுக்கலாமுங்களா?" என்றார்.

அப்படியாகத் தோட்டம் பிழைத்தது. வாரத்தில் கத்தரி இரண்டு கிலோ வரை வந்தது. பாகற்பூவுக்குக் கொசுத்தேனீக்கள் வந்தன. பூங்கோதை தினமும் காலையில் தட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, ஊர் நிலவரம், விலைவாசி, மகளின் மாமியார் என்று எறும்புகளிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் இறங்குவார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது. தண்டபாணிக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது மாதம் நிறுவனத்திலிருந்து நஸ்ரீன் என்ற இளம் பொறியாளர் பெட்டியைப் பார்வையிட வந்தாள். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து அசந்துபோனாள். பெட்டியைத் தன் கணினியோடு இணைத்துப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, நீங்க இதுல பேசுவீங்களா?"

"பேசறதா? ஒப்பந்தமே போட்டிருக்கறேன், அங்க பாரு."

நஸ்ரீன் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். திரும்பி வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. "சாரிம்மா. அனுப்புற பகுதியை நாங்க திறந்தே விடல. மூணு மாசம் கேக்குறது மட்டும் சரியா வருதான்னு பாக்கணும்னு வச்சிருந்தோம். தாள்ல அதை எழுத மறந்துட்டாங்க. நீங்க பேசினது எதுவுமே அதுங்களுக்குப் போகல."

"ஒண்ணுமேவா?"

"ஒரு வார்த்தைகூட. அதுங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டதைத்தான் நீங்க கேட்டீங்க."

"அப்ப கத்தரிய வுட்டு எப்படிப் போச்சுதுக?"

"நீங்க தட்டைப்பயறு வச்சீங்க. புத்துக்குப் பக்கத்துலயே கூடுதல் தேன் கிடைச்சா எதுக்கு அவ்வளவு தூரம் நடக்கணும்? அதுங்க போனதும் பொறிவண்டு வந்துச்சு. தண்ணி வச்சீங்க, விஷம் அடிக்கல. எல்லாம் நீங்க செஞ்சதுதாம்மா. பேசினது மட்டும்தான் வீணாப் போச்சு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். பூங்கோதை முக்காலியில் உட்கார்ந்தார். நான்கு மாதக் காலைகள் அவர் கண்முன் வந்தன. மகளின் மாமியாரைப் பற்றி அவ்வளவு விவரமாகச் சொன்னது, ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் யாருமே பேசச் சொல்லாததைப் பற்றிச் சொன்னது எல்லாம் வெறும் காற்றுக்கு. தண்டபாணி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப திறந்துட்டேன்மா," என்றாள் நஸ்ரீன் அவசரமாக. "இனிமே நிஜமாவே போகும். பேசிப் பாருங்க."

வார்த்தைக்குப் பஞ்சமே வந்திராத பூங்கோதைக்கு அன்று கொஞ்ச நேரம் பிடித்தது. "நான் இந்தத் தோட்டத்துக்காரிங்க," என்றார் கடைசியில். "தெனமும் தண்ணி ஊத்தறவ. என்னையத் தெரியுதுங்களா?"

பெட்டியிலிருந்து மெல்லிய புளிப்பு வாசனை எழுந்தது. வரிசை சட்டென்று நின்றது. மீசைகள் ஆடின. ஐந்து நிமிடம் போயிற்று.

"தெரியும்," என்றது பெட்டி. "தினமும் வருபவர். இங்கே வந்த மனிதர்களிலேயே மிக அமைதியானவர். எதுவும் பேசமாட்டார். செய்துவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் நம்பினோம். முட்டைகளை எல்லாம் இங்கேயே கொண்டுவந்தோம்."

தண்டபாணி சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு செய்தித்தாள் விழுந்தது. "கல்யாணமாயி முப்பத்தேழு வருசம்..." என்று ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. நஸ்ரீன் உதட்டைக் கடித்துக்கொண்டு கணினிக்குப் பின்னால் குனிந்தாள். பூங்கோதை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளில் யாரும் அவரை அப்படிப் பாராட்டியதில்லை. அதை ஏற்றுக்கொள்வதா, மறுத்துப் பேசுவதா என்றுதான் புரியவில்லை.

"ஒரு புகாரும் உண்டு," என்றது பெட்டி.

"சொல்லுங்க."

"அமைதியானவர் கீழே போன பிறகு இன்னொருவர் வருகிறார். பெரிய கால்கள். எங்கள் செடியில் பிஞ்சுக் காய்களைப் பறித்து, நின்றபடியே மெல்லுகிறார்."

சிரிப்பு நின்றது.

பூங்கோதை கணவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க. ஒண்ணாவது ஷரத்து என்னுங்க?"

"பிஞ்சா, பாலாட்டம் இருந்துது அம்மணி. ரெண்டே ரெண்டுதான்."

வாசனை போய், வாசனை வந்தது. "நாற்பத்தொன்று," என்றது பெட்டி.

"சாட்சிக் கையெழுத்து யாரோடதுங்க அது?"

தண்டபாணி விழுந்த செய்தித்தாளைக் குனிந்து எடுத்தார். பூங்கோதை சேலையைச் சரிசெய்துகொண்டு, முக்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, பேடையும் பேனாவையும் எடுத்தார்.

"அம்மா, நான் கிளம்பட்டுமா?" என்றாள் நஸ்ரீன்.

"நீயும் உக்காரு கண்ணு. விசாரணைக்கு மூணாந்தரப்பு ஒருத்தர் வேணும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மொதல்ல இந்த ஒப்பந்தம் எந்தச் சூழ்நெலையில உருவாச்சுங்கறத எல்லாருக்கும் வெளக்கமாச் சொல்லீர்றேன்."

சொல்லி முடிக்க மதியம் இரண்டரை ஆனது. எறும்புகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டன.